கண்ணாடிக்குள் ஆவி: சட்டத்தை விட்டுவிட்டு கண்ணாடியை மட்டும் மாற்றிய அனுபவம்

ஜன்னல் கண்ணாடிக்கு நடுவில் ஆவி பிடித்துக்கொண்டது, எந்தப் பக்கம் துடைத்தாலும் போகவில்லை என்று சொன்னால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இங்கே அபூர்வம். தகடு தகடாகச் சாய்த்துத் திறக்கும் நாக்கோ, இழுத்துத் திறக்கும் அலுமினியம், பழைய வீடாக இருந்தால் மரச்சட்டம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு அது வந்தது கொழுந்தனால். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர், வீட்டைப் புதுப்பித்தபோது மாமா படுக்கும் முன்னறைக்கும் அதற்குப் பக்கத்து அறைக்கும் இதைப் போட்டுக்கொடுத்தார். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையை ஒட்டிய தாமான், அதாவது குடியிருப்பு, எங்களுடையது. விடியுமுன்னே செம்பனைக் குலை லோரியும் மணல் லோரியும் ஆரம்பித்துவிடும். மாமா வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இருட்டோடு எழுந்தே பழகினவர், வயதான காலத்திலாவது மனுஷன் கொஞ்சம் தூங்கட்டும் என்பது கொழுந்தனின் எண்ணம்.

ஆவி முதலில் கீழ் மூலையில்தான் வந்தது. மழை நாளில் தெரியும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். அப்புறம் மறையாமல் நின்றுவிட்டது. கடைசியில் கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க பால் தெளித்தது போல் ஆகி, வாசலில் நிற்பது யார் என்று மாமாவால் அடையாளம் காண முடியாமல் போனது. அவருக்கு அதுதான் பெரிய குறை. வாசலில் வருகிறவனை முதலில் பார்க்கிற உரிமை இந்த வீட்டில் அவருடையது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில் குழம்புகிறார்கள். ஏர்கோன் போட்ட அறையின் ஜன்னலில் விடியற்காலையில் வெளிப்பக்கம் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்பது கோளாறே இல்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கிறது, 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் தண்ணீர் படியும். ஏர்கோனை 18-ல் வைத்துத் தூங்கினால் ஒற்றைக் கண்ணாடி வெளியே வியர்க்கத்தான் செய்யும். ஆகவே முதலில் வெளியே விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், பிறகு உள்ளே வந்து ஒரு கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் கோடு விழவில்லை, ஆவி அப்படியே இருக்கிறது என்றால்தான் அது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருக்கிறது. அப்போதுதான் கண்ணாடி கெட்டது என்று அர்த்தம்.

கெட்டுப்போவது எப்படி என்று தெரிந்துகொண்டால் யார் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள். இரட்டைக் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளை ஓரமாக ஒட்டி மூடிய ஒரே பொருள். நடுவில் நான்கு பக்கமும் ஓடும் மெல்லிய அலுமினியக் குழாய்க்கு ஸ்பேசர் என்று பெயர். அந்தக் குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பியிருப்பார்கள், புதுச் செருப்புப் பெட்டியில் பொட்டலமாகக் கிடக்குமே, அந்த ஜாதி. குழாயின் இரு பக்கமும் பியூட்டைல் என்ற கறுப்புப் பசை, அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிகோன் பூச்சு. ஈரத்தை நிஜமாகத் தடுப்பது அந்தக் கறுப்புப் பசைதான். வெளிப்பூச்சு இரண்டு கண்ணாடிகளையும் பிடித்துக்கொள்வதற்கு. பசை எங்கேயாவது விட்டுவிட்டால் ஈரக்காற்று உள்ளே போகும், மணிகள் குடிக்கிற வரைக்கும் குடிக்கும், அவை நிறைந்த பிறகு ஆவி கண்ணாடியில் உட்காரும். அதனால்தான் முதலில் வருவதும் போவதுமாக இருந்துவிட்டு அப்புறம் நிரந்தரமாகத் தங்குகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன வைத்தியத்தைக் கேட்கவில்லை. ஓரத்தில் சுற்றிலும் சிலிகோன் அடித்துவிடு, சரியாகிவிடும் என்றார். உள்ளே போன ஈரம் உள்ளேதானே இருக்கும்? அதோடு சிலிகோன் தண்ணீரைத் தடுக்கும், நீராவியை அந்த அளவுக்குத் தடுக்காது. சின்னத் துளை போட்டு உலர்த்தலாம் என்று வேறொருவர் சொன்னார். வெளிநாடுகளில் அப்படிச் செய்து கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஈரம் நாள்பட்டு நின்ற கண்ணாடியில் உப்புப் படிந்தது போல வெள்ளைக் கறை அரித்துவிட்டிருக்கும், அதை உலர்த்திப் பயனில்லை. கண்ணாடி டெம்பர் செய்ததாக, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்தியதாக, இருந்தால் துளை போட்ட நொடியே மொத்தமும் பொடியாகிவிடும்.

முதலில் வந்தவர் வீடு புதுப்பிக்கும் ஒரு குத்தகையாளர். ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரைத் தேடினார். அவர் வேலையில் இருக்கிறார், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். "அக்கா, இதெல்லாம் செட்டா வர்ற சாமான். கண்ணாடி மட்டும் மாத்த முடியாது. சட்டத்தோட எடுத்துட்டுப் புதுசு வச்சிடலாம், அந்த ரூம் ரெண்டுக்கும் சேர்த்துப் போட்டா விலை கொறச்சுத் தரேன்" என்றார். இரண்டு அறைக்கும் அவர் எழுதிக்கொடுத்த தொகையைப் பார்த்து வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

முடியாததற்கு அவர் சொன்ன காரணம் கிரில். உள்பக்கம் இரும்பு கிரில் அடித்திருக்கிறது, கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங்கும் உள்பக்கம்தான், ஆகவே கைவைக்க முடியாது என்றார். பேச்சைக் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு யோசித்தேன். சட்டத்தோடு எடுப்பதற்கும் அதே கிரிலைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? அந்தச் செலவு இரண்டு வழியிலும் உண்டு. அப்புறம் சட்டத்தைப் பெயர்த்தால் சுவரில் பூச்சு உடையும், மறுபடி சிமெண்டு, பெயிண்ட், ஓரமெல்லாம் மழைநீர் இறங்காமல் அடைக்கும் வேலை. மழை இறங்காமல் உட்கார்ந்திருக்கிற சட்டத்தை எதற்காகப் பெயர்க்க வேண்டும்?

அதனால் சட்டம் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று நானே பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தேன், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் சட்டம் கோணவில்லை. நான்கு மூலைகளிலும் அலுமினியம் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மழை பெய்த மறுநாள் உள்சுவரில் ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் உப்பியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பக்கவாட்டில் திறக்கும் சிறு ஜன்னல்கள் இரண்டும் மூடினால் பொருந்துகின்றனவா, ஒரு தாளை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் தாள் இறுக்கிப் பிடித்தது, மற்றதில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் உதவியது.

கடைசியாக வெளியே போய்ச் சட்டத்தின் அடிப்பகுதியைப் பார்த்தேன். அங்கேதான் விஷயம் இருந்தது. அலுமினிய ஜன்னலில் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சிறு பொந்துகள் வைத்திருப்பார்கள். ரப்பரைத் தாண்டி எப்படியும் கொஞ்சம் மழைநீர் சட்டத்துக்குள் இறங்கும், அது வெளியே ஓடிப்போவதற்கு அந்த வழி. எங்கள் ஜன்னலில் பொந்து இருந்த இடத்தில் சிமெண்டு. ஜன்னல் திண்டைப் பூசினவர்கள் வழவழப்பாக வரவேண்டும் என்று அதையும் சேர்த்துப் பூசி, மேலே பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இறங்கின தண்ணீர் எங்கும் போக வழியில்லாமல் கண்ணாடியின் கீழ் ஓரத்தை ஊறவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தப் பசையும் எப்போதும் தண்ணீரில் நின்றால் விட்டுவிடும். ஆவி கீழ் மூலையில் ஆரம்பித்ததற்கும் அதுதான் காரணம்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பொந்தைத் திறக்காமல் எவ்வளவு உயர்ந்த கண்ணாடி வாங்கிப் போட்டாலும் அதுவும் அதே வழியில் போய்விடும். சட்டத்தோடு புதுசு வைத்தாலும் அதே ஆள் வந்து திண்டு பூசினால் அதே கதைதான்.

அடுத்தது கண்ணாடிக்கடை. ஊரில் நாக்கோவும் மீன்தொட்டியும் வெட்டிக்கொடுக்கும் கடைகள் உண்டு, இரட்டைக் கண்ணாடிக்கு ஈப்போதான் போகவேண்டியிருந்தது. அங்கே ஒரு வயதான தவுக்கே, கடை முதலாளி. போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காச்சா சாஜா போலே, பிங்காய் தாக் பாயா துக்கார்" என்றார். கண்ணாடி மட்டும் போதும், சட்டத்தை மாற்ற வேண்டாம். அவ்வளவு நேரம் வயிற்றில் இருந்த பாரம் இறங்கியது. ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் போயிருந்தால் திரும்ப வந்திருக்க வேண்டியதுதான், ஆகவே நான் கையோடு கொண்டுபோன விவரங்களைச் சொல்கிறேன்.

அளவு என்பது கண்ணுக்குத் தெரியும் கண்ணாடியின் அளவு இல்லை. பீடிங்குக்குப் பின்னால் மறைந்திருக்கும் பகுதியும் சேர்ந்தது. ஒரு பக்கத்துப் பீடிங்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. கழற்றிய பிறகு சட்டத்தின் குழிக்குள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்கவேண்டும், உயரத்தையும் அப்படியே. மூன்றில் எது சின்னதோ அதுதான் கணக்கு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 மில்லிமீட்டர் குறைத்துக் கண்ணாடி செய்வார்கள், வெயிலில் அலுமினியம் விரிவதற்கு இடம் வேண்டும். நீங்கள் குறைத்துச் சொல்லி, கடையிலும் குறைத்துவிட்டால் கண்ணாடி ஆடும். அதனால் குழியின் அளவைச் சொல்கிறோமா, கண்ணாடியின் அளவைச் சொல்கிறோமா என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். பீடிங்கைத் திறந்தபோது ஸ்பேசரையும் பார்த்துக்கொள்ளுங்கள், பல நேரம் அதில் செய்த நிறுவனமும் தேதியும் அச்சிட்டிருக்கும். உத்தரவாதம் முடியவில்லை என்றால் உங்கள் வேலை அங்கேயே பாதி முடிந்தது. எங்களுடையது முடிந்துபோயிருந்தது.

கனமும் முக்கியம். எங்களுடையது 5 மில்லிக் கண்ணாடி, நடுவில் 12, மறுபடி 5, மொத்தம் 22. இந்த மொத்தம் மாறினால் பீடிங் மாட்டாது, அல்லது மாட்டி லொடலொடவென்று நிற்கும். அரை மில்லி, ஒரு மில்லி ரப்பர் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

இன்னொன்று, கண்ணாடியில் வெப்பம் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்பது. இதற்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரைச்சீலையை நன்றாக ஒதுக்கிவிட்டு, ஒரு லைட்டரை ஆவி பிடிக்காத இடத்தில் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர் தெரியும், கண்ணாடியின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று. நான்கும் ஒரே நிறமென்றால் பூச்சு இல்லை. ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. எங்களுக்கு உள்ளிருந்து பார்க்க மூன்றாவது சுடர் நிறம் மாறித் தெரிந்தது. அதாவது வெளிக்கண்ணாடியின் உள்முகம். நம்மைப் போல வெயில் ஊரில் பூச்சு அங்கேதான் இருக்கவேண்டும், வெயிலின் சூட்டை வெளிக்கண்ணாடியோடு திருப்பி அனுப்புவதற்கு. மாமா கட்டிலில் உட்கார்ந்து நான் இருட்டில் லைட்டரோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "கரண்டு போயிருச்சா?" என்று கேட்டார்.

பழையதைப் போலவே வாங்கலாமா, கொஞ்சம் மாற்றலாமா என்று தவுக்கே கேட்டார். இந்த இடத்தில்தான் கண்ணாடியை மட்டும் மாற்றுவதில் உள்ள லாபம் புரிந்தது, அதே சட்டத்துக்குள் வேறு ஜாதிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். எங்கள் பிரச்சினை சத்தம். இரண்டு கண்ணாடியும் ஒரே கனமாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் அதிரும், அந்தச் சுருதிச் சத்தம் உள்ளே வந்துவிடும். கனம் வேறுபட்டால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி இன்னும் நல்லது, அந்த ஏடே அதிர்வை அமுக்கிவிடும். உடைந்தாலும் சில்லுகள் ஏட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு அது ஒரு நிம்மதி. ஆகவே வெளியே பூச்சோடு 5 மில்லி டெம்பர், நடுவில் 10, உள்ளே 6.38 மில்லி லேமினேட்டட். கூட்டினால் 21.38, 22-க்குப் பழகிய சட்டத்தில் ரப்பர் அதைச் சமாளிக்கும். டெம்பர் கண்ணாடியைச் செய்து முடித்த பிறகு ஒரு மயிரிழைகூட வெட்டவோ தேய்க்கவோ முடியாது. அதனால் தவுக்கே அளவெடுக்கத் தன் ஆளையே அனுப்பினார். நான் எடுத்த அளவும் அவன் எடுத்த அளவும் ஒன்றாக வந்தது, தம்பி அதை நம்பாமல் இன்னொரு தரம் அளந்தான். அப்படிப்பட்ட ஆளைத்தான் நம்பலாம்.

கண்ணாடி செய்து வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் கிரில் வேலையை முடித்துவிட்டோம். இந்த வரிசை முக்கியம். கிரிலை வெட்டும்போதும் வெல்டிங் அடிக்கும்போதும் பறக்கும் தீப்பொறி கண்ணாடியில் பட்டால் பொடிப்பொடியாகக் குழி விழுந்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பழைய கண்ணாடி இருக்கும்போதே அந்தக் கூத்தெல்லாம் நடந்து முடியட்டும். சுவரில் அடித்திருந்த கிரிலை வெட்டி எடுத்து, கீல் வைத்துக் கதவு போலத் திறக்கிற மாதிரி மாற்றி, பூட்டு வைத்தோம். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். வீடு தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், இதைத்தானே சொல்கிறார்கள், திறக்கமுடியாத கிரிலுக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள், சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள் என்று. சாவி இப்போது மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

மாட்டும் நாளுக்குக் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பேராக் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் எப்போது கொட்டும் என்று சொல்லமுடியாது. ஒரு பிளைவுட் பலகையும் தார்ப்பாயும் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. நாலுக்கு நாலு அடி ஜன்னல், அந்தக் கண்ணாடியின் எடை 40 கிலோவுக்குக் கிட்ட வரும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லி கனத்துக்கு இரண்டரைக் கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதனால்தான் இதை நீங்களே செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அளவெடுப்பது, விசாரிப்பது, பொந்தைத் திறப்பது எல்லாம் நாம் செய்யலாம். தூக்குவது உறிஞ்சுபிடி வைத்திருக்கிற இரண்டு ஆள் வேலை.

தம்பிகள் இரண்டு பேர் வந்தார்கள். நீளமான பீடிங்கில் நடுவிலிருந்து ஆரம்பித்து, மெல்லிய தகட்டை விட்டு நெம்பி, டக் டக்கென்று கழற்றினார்கள். எடுத்த ஒவ்வொன்றிலும் பென்சிலால் மேல், கீழ், இடம், வலம் என்று குறித்தார்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது மூலை சேராது. பழைய கண்ணாடியைத் தூக்கி வெளியே சாய்த்து வைத்தபோது அதன் கீழ் ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். கறுப்புப் பசை நேர்கோடாக இல்லாமல் உருகி வழிந்தது போல் ஸ்பேசரைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. வெளிப்பூச்சை விரலால் இழுத்தால் ரப்பர் பட்டை போல உரிந்து வந்தது. சட்டத்தின் குழியில் ஊறிப்போன சிமெண்டுத் துகள், செத்த ஈசல் இறக்கை, ஒரு விரல்கடை ஆழத்துக்கு அழுக்குத் தண்ணீர். மழை பெய்து நாளாகியும் அந்தத் தண்ணீர் வற்றவில்லை.

குழியைத் துடைத்துவிட்டு, வெளிப்பக்கமாகச் சிமெண்டைக் கொத்தி, பழைய பொந்துகளைத் திறந்தார்கள். நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குழியில் ஊற்றச் சொன்னேன். வெளியே கரகரவென்று ஓடி வந்த பிறகுதான் கண்ணாடியை எடுக்கவிட்டேன். தம்பிக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டிருக்கும்.

கண்ணாடி சட்டத்தின் மேல் நேராக உட்காரக்கூடாது. கீழே இரண்டு சிறு கட்டைகள், பிளாஸ்டிக்கோ கெட்டி ரப்பரோ, இரு ஓரத்திலிருந்தும் கால்பங்கு தூரத்தில் வைக்கவேண்டும், இரண்டு கண்ணாடியும் சேர்ந்து அதன்மேல் நிற்கிற அகலத்தில். கட்டை பொந்துக்கு நேரே வந்து அடைத்துவிடக் கூடாது. மரத்துண்டு வைத்தால் ஈரத்தில் ஊறி உப்பும், ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் எந்தப் பக்கம் வெளியே என்பது. பூச்சுக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை மாட்டி முடிக்கிற வரைக்கும் உரிக்காதீர்கள். மாற்றி மாட்டினாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், சூடுதான் உள்ளே வரும்.

ஒரே ஒரு வாக்குவாதம் சிலிகோனில். ஓரத்தில் அடிக்க ஒரு தம்பி எடுத்த குழாயைத் திறந்ததும் புளிக்காடி வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை வருகிற சிலிகோன் காயும்போது அமிலம் விடும், லேமினேட்டட் ஏட்டின் ஓரத்தையும் இரட்டைக் கண்ணாடியின் பசையையும் அது அரித்துவிடும். நியூட்ரல் சிலிகோன் என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருந்ததால் தாளைக் காட்டினேன். "எல்லா வீட்டுக்கும் இதத்தான் அடிக்கிறோம் அக்கா" என்றான். ஒற்றைக் கண்ணாடிக்கு அடித்துக்கொள்ளுங்கள் தம்பி, இதற்கு வேண்டாம் என்றேன். லோரியில் மற்றது இருந்தது, எடுத்து வந்தான்.

ரப்பரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், கண்ணாடி விலைக்கு முன்னால் அது ஒரு காசே இல்லை. சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளவேண்டும், இழுத்து நீட்டி வைக்கக்கூடாது. இழுத்து வைத்தால் அன்றைக்கு அழகாக இருக்கும், நாளாக ஆகச் சுருங்கி மூலையில் இடைவெளி விட்டுவிடும், மழை அந்த வழியாகத்தான் இறங்கும். கொஞ்சம் நீளமாகவே வெட்டி மூலையிலிருந்து நடுவை நோக்கி அமுக்கினார்கள்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மாமா நாற்காலியை ஜன்னலுக்கு நேரே இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். சத்தம்? உண்மையைச் சொன்னால் முதல் இரவு எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாளை வைத்து இழுத்தபோது வழுக்கின அந்தப் பக்க ஜன்னலுக்குக் கீல் தேய்ந்திருந்தது, அங்கே விட்ட சந்து வழியாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி எவ்வளவு கனமானாலும் சந்து சந்துதான். அந்தக் கீலையும் ரப்பர் பட்டையையும் மாற்றின பிறகுதான் குலை லோரி தூரத்தில் போவது மாதிரிக் கேட்கிறது. முற்றிலும் கேட்காது என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள், சுவரும் கூரையும் வழியாகவும் சத்தம் வரும்.

செலவு, கிரில் வேலையையும் கீலையும் சேர்த்தே, அந்தக் குத்தகையாளர் ஒரு ஜன்னலுக்குக் கேட்டதில் பாதிக்கும் கீழே. கண்ணாடியை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

எல்லா ஜன்னலுக்கும் இதே பாட்டைப் பாடமாட்டேன். அம்மா வீட்டில், தோட்டத்தை ஒட்டின பழைய வீடு அது, பின்னறையில் ஒரு மர ஜன்னல். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, என் தம்பி கண்ணாடியை மட்டும் மாற்றலாமா என்று என்னைக் கேட்டான். கீழ்ச்சட்டத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அமுக்கச் சொன்னேன், வெண்ணெயில் இறங்குவதாகப் போனில் சொன்னான், பெயிண்டுக்கு உள்ளே கரையான். அங்கே கண்ணாடி மாற்றுவது வீண் செலவு, சட்டத்தோடு எடுக்கத்தான் வேண்டும். செங்கால் மரமாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் போகாது, மெராந்தி ஈரத்துக்குத் தாங்காது. இரும்புச் சட்ட ஜன்னலும் அப்படித்தான், துரு உப்பிக் கண்ணாடியை நெருக்கி விரிசல் விடவைக்கிறது என்றால் புதுக் கண்ணாடியும் அதே இடத்தில் விரியும், துருவைச் சுரண்டிச் சரிசெய்யாமல் கைவைக்காதீர்கள். சமையலறை நாக்கோவில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். ஆறு அங்குல அகலத் தகடு, பழைய தகடு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் அதே நீளம், அதே கனம், நீள ஓரம் இரண்டும் தேய்த்தது என்று கேட்டால் நின்ற இடத்தில் வெட்டித் தருவார்கள். கிளிப்பை நிமிர்த்தும்போது மெதுவாக, அலுமினியம் அடிக்கடி வளைத்தால் ஒடிந்துவிடும்.

இப்போது பக்கத்து அறை ஜன்னலிலும் கீழ் மூலையில் லேசாக ஆவி வர ஆரம்பித்திருக்கிறது, அதே ஆட்கள் பூசின திண்டுதானே. கொழுந்தன் உடனே ஆர்டர் போடச் சொல்கிறார். நான் வேண்டாம் என்றிருக்கிறேன். அங்கேயும் பொந்துகளைக் கொத்தித் திறந்தாயிற்று, ஊறிக்கொண்டிருப்பது நின்றுவிட்டது. ஆவி பிடித்த கண்ணாடி உடைந்து விழப்போவதில்லை, பார்வைக்குத்தான் குறை. அந்த அறையில் நாங்கள் அரிசி மூட்டையும் பழைய மெத்தையும்தான் வைத்திருக்கிறோம், வெளியே யார் வருகிறார்கள் என்று அவை கேட்பதில்லை.